இறங்காத டிரைவ்

கேப்டனைக் கொன்ற ரப்பரை மெக்கானிக் விரலால் தடவிப் பார்த்தார். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவர் கையால் மாட்டியது. இப்போது ஒரு சாண் நீளத்துக்கு வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

கேப்டன் என்றால் நிஜக் கேப்டன் இல்லை. முப்பது வயதான ஒரு வேகப்படகை ஓட்டை உடைசலோடு கட்டிக்கொண்டு ஆழ்கடல் வரை போய்வருகிறவர், அதனால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். போன வாரம் தனியாகப் போனார். படகு மட்டும் பாதி மூழ்கி நடுக்கடலில் மிதந்தது, உடல் இன்னும் கிடைக்கவில்லை.

அந்த மாதிரிப் படகில் இன்ஜின் உள்ளே இருக்கும், புரொப்பல்லரைச் சுழற்றும் டிரைவ் பின்னால் தண்ணீரில் தொங்கும். இரண்டையும் இணைக்கும் ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வராமல் காப்பது இந்த ரப்பர் உறை ஒன்றுதான். கேப்டனின் உயிருக்கும் படகுக்கும் பணம் தரவேண்டிய இன்சூரன்ஸ்காரர் வந்து குனிந்து பார்த்தார், வேலை சரியில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். நாளைக் காலை துறைமுக ஆபீசில் விசாரணை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? படகுத்துறையில் மெக்கானிக் தலை தெரிந்தாலே பேச்சு நின்றது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், கண்ணை மூடினால் கேப்டன் மூச்சுக்குத் தவிப்பது தெரிந்ததுதான் அவரால் தாங்க முடியவில்லை.

கேப்டனின் மனைவி மெக்கானிக்கை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுகிறவள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை, அவள் ஒன்றுமே சொல்லவில்லை. துணைக்குப் படுத்துக்கொள்ளப் போன மெக்கானிக்கின் மனைவியையும், தனியாக இருந்துகொள்கிறேன் அண்ணி என்று மூன்றாம் நாளே அனுப்பிவிட்டாள்.

பெருமூச்சோடு நிமிர்ந்தபோதுதான் மெக்கானிக் அதைப் பார்த்தார். டிரைவ் முழுசாக மேலே தூக்கி நின்றது.

அவ்வளவு உயரம் தூக்குவது கரையோரத்தில், முழங்கால் தண்ணீரில், தரை தட்டாமல் இருக்கத்தான். ஆழத்தில் ஓடும்போது தூக்கினால் உள்ளே ஜாயின்ட் நொறுங்கிப்போகும். கேப்டனுக்கு அது தெரியாதா என்ன?

படகை இழுத்துவந்த மீனவர்களிடம் போய் ஒன்றும் தெரியாதவர் போல விசாரித்தார். பார்க்கும்போதே அப்படித்தான் இருந்தது, நாங்கள் தொடவில்லை என்றார்கள். தொட்டாலும் ஏறியிருக்காது. டிரைவைத் தூக்கும் பம்ப் பாட்டரியில்தான் ஓடும், அதுவோ உப்புத் தண்ணீர் ஏறிச் செத்துக் கிடந்தது.

திரும்பி வந்து மறுபடி ரப்பரைப் பார்த்தார். கத்தி வைத்துக் கீறிய கோடு பட்டவர்த்தனமாக இருந்தது. தன் வேலைமீதே சந்தேகம் வந்துவிட்டால் கீறலும் கிழிசலாகத்தான் தெரியும் போலிருக்கிறது.

கேப்டன் எங்கேயோ ஒரு கரைக்கு வந்திருக்கிறார். டிரைவைத் தூக்கி, ரப்பரைக் கீறி, கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துப் படகைத் தள்ளிவிட்டு நடையைக் கட்டியிருக்கிறார். பழைய பம்ப் இருந்தவரை, தூக்கிய டிரைவ் ஒரு மணி நேரத்தில் எண்ணெய் கசிந்து தானாக இறங்கிவிடும். அந்தப் பழக்கத்தில் இறக்காமலே விட்டுவிட்டார். ரப்பரோடு பம்பையும் மெக்கானிக் புதிதாக மாற்றியிருந்தார், அது இறங்கவிடவில்லை.

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது அவருக்கு. அடுத்த நிமிடமே கலங்கினார். ஆள் உயிரோடு இருக்கிறார் என்றால், பெண்டாட்டியைத் தவிக்கவிட்டு ஓடிவிட்டார் என்றுதானே அர்த்தம்? அதை எந்த வாயால் அவளிடம் சொல்வது?

சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் கொலைகாரப் பட்டம். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் மத்தியானம் வரை ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்திருந்தார். நாளை நாலு பேர் முன்னால் கேட்டு அவள் உடைந்துபோக வேண்டாம், முதலில் அவளிடம் சொல்லிவிடுவோம் என்று எழுந்தார்.

தெருக்கோடி வீடு. மூன்று மணிக்கே ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. கதவைப் பாதி திறந்து பார்த்தவள், கொஞ்சம் தயங்கிவிட்டு உள்ளே விட்டாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். தூக்கி நின்ற டிரைவ், செத்த பாட்டரி, இறங்காத பம்ப், கத்திக்கீறல்.

“கேப்டன் சாகலைம்மா. எங்கேயோ கரையேறிட்டாரு.”

அழுவாள், மயங்கி விழுவாள், எங்கே அவர் என்று சட்டையைப் பிடித்து உலுக்குவாள் என்று தயாராக இருந்தார். அவள் கேட்டதோ வேறு.

“வேற யார்கிட்டயாவது சொன்னீங்களாண்ணே?”

“உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்டம்மா சொல்லுவேன்? வீட்லகூட சொல்லலை. நேரா இங்கதான் வரேன்.”

“இழுத்துட்டு வந்தவங்க?”

“அவங்களுக்கு நான் எதுக்குக் கேட்டேன்னே தெரியாது.”

அவள் மெல்ல எழுந்துபோய் வாசற்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பாவம், அழுகைச் சத்தம் அக்கம்பக்கத்தில் கேட்கக் கூடாது என்று நினைக்கிறாள். மெக்கானிக்குக்குக் கண் கலங்கியது.

அவள் அழவில்லை. உள்ளறைப் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“என்னங்க, வெளிய வாங்க. அண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சு.”