பின் சீட்

வாஞ்சூர் செக்போஸ்டில் கான்ஸ்டபிள் கையைத் தூக்கினார். பின் சீட்டில் பட்டுச் சேலையும் ஜெபமாலையுமாக உட்கார்ந்திருந்த இசபெல்லாவைப் பார்த்ததும் தூக்கிய கை கும்பிடாக மாறியது.

"வேளாங்கண்ணிக்குத்தானே? மாதாகிட்ட எங்களுக்கும் சேத்து வேண்டிக்கங்கம்மா!"

முன்னால் நின்ற பஸ்ஸில் மூட்டைகளைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் மதுவிலக்கு, காரைக்காலில் கிடையாது. எல்லை தாண்டுகிற யாரையும் லேசில் விடுவதில்லை. தன்னை மட்டும் விடுகிறார்கள் என்று இசபெல்லாவுக்குக் கொஞ்சம் பெருமை. தவக்காலத்தில் பெருமை ஆகாதே என்று ஓர் உறுத்தல். அந்த உறுத்தல் தனக்கு வந்ததில் இன்னும் கொஞ்சம் பெருமை.

ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை ஓட்டிய அவள் புருஷன் மரியசெல்வத்தின் முதுகு மட்டும் நனைந்திருந்தது. செக்போஸ்ட் வந்தாலே அவருக்கு இப்படித்தான். நாற்பது வயதுக்கு மேல் வண்டி பழகுகிற மனிதர், பாவம்.

வண்டி இன்னும் அவர்களுடையது ஆகவில்லை, தரகர் செல்லையனுடையது. ஆஸ்பத்திரி கம்பவுண்டரான மரியசெல்வத்தை அம்பகரத்தூருக்கு மாற்றியிருந்தார்கள். காலை பஸ்ஸை நம்ப முடியாது. பழைய வண்டி ஒன்று, நடுவழியில் நிற்காததாக, வேண்டும்.

போன தடவை அவர் தனியாகப் போய் வாங்கி வந்த பழைய ரேடியோ, வீட்டுக்கு வந்த பிறகு வாயே திறக்கவில்லை. "மச்சான், உங்க ஊமைப் பெட்டி எப்படியிருக்கு?" என்று இசபெல்லாவின் தம்பிகள் இன்றைக்கும் கேட்கிறார்கள். இன்னொரு முறை ஏமாந்தால் பிறந்த வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது. அதனால் இந்த முறை பார்த்து வாங்கும் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். கத்தரிக்காயில்கூட அவளை யாரும் ஏமாற்றியது கிடையாது.

"தெருவுல ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வாங்குற ஆளு நான் இல்ல" என்று செல்லையனிடம் சொல்லிவிட்டாள். "தவக்காலம் முழுக்க, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வேளாங்கண்ணி போய்ட்டு வருவோம். ஒருநாள் நின்னாலும் வண்டி வேணாம்."

"தாராளமா அக்கா! வழியில நாகூர்ல என் மச்சான் பட்டறையில மட்டும் கொஞ்சம் நிறுத்துங்க. எஞ்சினைப் பாத்து அனுப்புவான்."

இப்படி ஒரு பேரம் காரைக்காலில் யாருக்குப் படிந்திருக்கிறது? அன்றிலிருந்து இரண்டு நாளைக்கு அவள் நடையே மாறியிருந்தது.

மரியசெல்வம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீயும் வா. நீ பின்னாடி உக்காந்தாத்தான் எனக்குத் தைரியம்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் காதல் பேச்சு. அதன் பிறகுதான் பெட்டிக்குள் கிடந்த பட்டுச் சேலை வெளியே வந்தது.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அவளுக்குப் புரியாமல் இருந்தது. காரைக்காலில் ஏறும்போது சீட் மெத்தென்று இருக்கும், தண்ணீர் மேல் உட்கார்ந்த மாதிரி. நாகூர்ப் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்து ஏறினால், பலகை.

யோசித்து யோசித்து அவளே ஒரு பதிலுக்கு வந்திருந்தாள். மாதா கோயில் நெருங்க நெருங்க மனசு உறுத்துகிறது. மனசின் உறுத்தலை உடம்பு முதலில் அறிகிறது. எவ்வளவு ஆழமான பெண் நான் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பாவத்தை நினைத்து மனம் வருந்தினாள். நாத்தனார், கொழுந்தன் பெண்டாட்டி என்று ஆரம்பித்து, நாகப்பட்டினம் தாண்டுவதற்குள் பாவங்கள் தீர்ந்துவிடும். பள்ளங்கள் மிச்சமிருக்கும்.

குருத்து ஞாயிறன்று கடைசிப் பயணமும் முடிந்தது. வண்டி ஒருநாள்கூட நிற்கவில்லை. செல்லையனின் கொட்டகை வாசலில் இறங்கியதும் இசபெல்லா தீர்ப்பைச் சொன்னாள்.

"எஞ்சின் நல்லாருக்கு, எடுத்துக்குறோம். ஆனா சீட்டு சரியில்ல. காரைக்கால்ல மெத்தை, நாகூர் தாண்டினா பலகை. அதுக்குத் தக்கன விலையைக் குறைச்சுக்கணும். என்னை ஏமாத்த முடியாது, ஆமா!"

செல்லையன் மரியசெல்வத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"என்ன சார், அக்காகிட்ட நீங்க சொல்லவே இல்லியா?"

"எதைச் சொல்லல?" என்றாள் இசபெல்லா.

"விலையெல்லாம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா கழிஞ்சு போச்சுக்கா. இன்னியோட முடிஞ்சுது. வண்டி உங்களோடது. நம்ம சாமானை மட்டும் கழட்டிக்கிறேன்."

இரண்டு திருகாணிகளைக் கழற்றி சீட்டைத் தூக்கினான். உள்ளே நாரும் இல்லை, பஞ்சும் இல்லை. மடித்துத் திணித்த ஒரு லாரி டியூப், செத்த விலாங்கு மாதிரி துவண்டு கிடந்தது. அதிலிருந்து கிளம்பிய நெடியை அவள் அறிவாள். கோயிலுக்குப் போகிற வழியில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற சாராயக் கடையின் நெடி.

கான்ஸ்டபிளின் கும்பிடு நினைவுக்கு வந்தது. பள்ளம் பள்ளமாக நினைத்து வருந்திய பாவங்களும் நினைவுக்கு வந்தன. இசபெல்லா ஜெபமாலையை மெல்ல முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

மரியசெல்வம் கைக்குட்டையால் ஹெட்லைட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே... நீ பின்னாடி உக்காந்தாத்தான் எனக்குத் தைரியம்னு."