மீதிப் பாதி

பிப்ரவரி 2, வியாழக்கிழமை. விடியற்காலையிலிருந்து தூறல், வடகிழக்குக் காற்று வாழைத்தோப்பின் ஊடே ஓயாமல் வீசிக்கொண்டிருந்தது.

லூர்தித்தாவின் வீட்டுக்குப் பின்னால் குழி தயாராகிவிட்டது.

அவளுடைய பன்றி முந்தின இரவே இறந்திருந்தது. காதுகளும் அடிவயிறும் கருஞ்சிவப்பாகிப்போன அந்த உடலை, வெள்ளைப் பிளாஸ்டிக் அங்கி அணிந்த இருவர் ஈர மண்ணில் இழுத்துவந்தனர்.

அதன் பெயர் நர்ஸ்.

மூத்த மகள் ரோவேனாவை நர்சிங் கல்லூரியில் சேர்ப்பதற்கென்றே வளர்க்கப்பட்டதால், பிள்ளைகள் அதற்கு அப்பெயரைச் சூட்டியிருந்தனர். அதை விற்றால் முதல் ஆண்டுக் கட்டணம். அது போனால் ரோவேனா நகரத்து வீடு ஏதேனும் ஒன்றில் துணி துவைக்கப் போக வேண்டியதுதான்.

கணவன் நெக்ரோஸ் தீவில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தான். அவன் அனுப்பிய கூலி அரிசியோடு தீர்ந்தது. சேமிப்பு என்பது முழுக்க முழுக்க லூர்தித்தாவின் கைகளிலிருந்தே பிறந்தது. சோப்பை வாங்கிய அன்றே இரண்டாக அறுப்பாள். ஒரே முட்டையில் தண்ணீர் கலந்து மூவருக்குப் பொரிப்பாள். எதைப் பொரித்தாலும், விறகு மிச்சமாகட்டும் என்று, மேல்தோல் சிவந்தவுடனேயே சட்டியை இறக்கிவிடுவாள்.

எட்டு வயது மயுமியின் கைக்கு ஒரு மிட்டாய் வந்தாலும் அவ்வீட்டில் சட்டம் ஒன்றே: பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு.

பன்றிக்கு மட்டும் எதற்கு இவ்வளவு தவிடு என்று மயுமி ஒருமுறை சிணுங்கியபோது, "நர்ஸ் வயித்துக்குள்ள போறதெல்லாம் நம்ம சேமிப்புதான், இந்தாய்" என்று செல்லமாய் அழைத்து லூர்தித்தா அவளைத் தேற்றியிருந்தாள்.

எல்லோரும் மனாங், அதாவது அக்கா, என்று அழைக்கும் பக்கத்து வீட்டுப் பாசிங்கின் தாய்ப்பன்றிக்கும் குட்டிகளுக்கும் எந்த நோயும் இல்லை. ஆயினும் பன்றிக் காய்ச்சல் கண்ட வீட்டைச் சுற்றிலும் ஒன்றையும் விட்டுவைப்பதற்கில்லை என்பது உத்தரவு. அக்குட்டிகளின் அலறல் சற்று முன்னர்தான் அடங்கியிருந்தது.

கால்நடை அலுவலர் குடையை மடக்கிவிட்டு லூர்தித்தாவின் அருகில் வந்தார்.

"மனாங், மறைக்காம சொல்லுங்க. மிச்சம் மீதின்னு கறி ஏதாவது போட்டீங்களா? சரியா வேகாத பன்னிக்கறியில நோய் ஒட்டியிருக்கும்; ஒரு வாய் போதும், இந்தத் தெருவே காலி."

லூர்தித்தா தலை நிமிர்ந்தாள். தன் வாழ்நாளில் தான் செய்யாத குற்றம் ஒன்று உண்டெனில் அது இதுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"புள்ளைங்களுக்கே திருவிழா வந்தாத்தான் சார் கறி. பன்னிக்கா போடுவேன்?"

அழுது வீங்கிய முகத்தோடு மனாங் பாசிங் வேலிக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தாள்.

"அவள ஏன் சார் கேக்குறீங்க? அவ ஒரு கஞ்சப் பிசினாறி. தன் வாய்க்கே கறி காட்ட மாட்டா, பன்னிக்குக் காட்டிருவாளாக்கும்! எந்தப் பாவி வீட்டுல ஆரம்பிச்சுதோ, போய் அங்க கேளுங்க."

அந்த வசவைக் கேட்டு லூர்தித்தாவின் நெஞ்சு நன்றியால் நிறைந்தது.

அவள் சொன்னது பொய்யன்று. வாழைத்தண்டு, வள்ளைக்கீரை, தவிடு ஆகியவற்றைத் தவிர வேறெதையும் அவள் கை பன்றியின் தீவனத் தொட்டியில் இட்டதில்லை. ஜனவரியில் குழந்தை இயேசு திருவிழாவின்போது, அடுத்த ஊர்ப் பெரிய வீட்டில் பாத்திரம் கழுவியதற்காக, வீட்டுக்காரி லொங்கனீசா சரம் ஒன்றை வாழையிலையில் கட்டிக் கொடுத்தனுப்பினாள். குடலில் அடைத்த, தித்திக்கும் பன்றிக்கறி. அதைக்கூட லூர்தித்தா தன் நாவில் வைக்கவில்லை. நாளுக்கு ஒன்று வீதம் பிள்ளைகளுக்கே பொரித்துக் கொடுத்தாள். தட்டுகள் துடைத்துவைத்ததுபோல் திரும்பி வந்தன.

நர்ஸைக் குழிக்குள் உருட்டினார்கள். குட்டிகளின் மேல் அது விழுந்தது. ஒருவர் சுண்ணாம்பைத் தூவினார். மற்றவர் மண்வெட்டியை எடுத்தார்.

மயுமி தாயின் பாவாடையைப் பற்றி இழுத்தாள். அவள் குனிந்ததும் காதருகே வாயை வைத்து அம்மாவை அழைத்தாள்.

"நானாய், நான் லொங்கனீசாவ ஒரு நாள்கூட முழுசாத் தின்னல. சமத்தா பாதிதான் தின்னேன். மீதியெல்லாம் நர்ஸ் வயித்துல சேத்து வச்சிருந்தேன். இப்ப அதையும் சேத்து மூடுறாங்களே?"

லூர்தித்தா தன் உள்ளங்கையால் மகளின் வாயை மூடினாள். வேலிக்கு அப்பால் மனாங் பாசிங் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

திருவிழாக் கறியையாவது முழுவதுமாய்த் தின்னுங்கள் என்று சொல்லிவிடலாமா என அன்று அடுப்படியில் அவள் ஒரு கணம் யோசித்ததுண்டு. பழக்கம் கெட்டுவிடும் என்று சொல்லாமல் விட்டாள்.

கடைசி மண்ணும் விழுந்தது. அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பதிவுக்காக உரக்கச் சொன்னார்: மாலை நான்கு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.