மாப்பிள்ளைப் பீப்பாய்

மாமா பீப்பாயைத் தட்டிப் பார்த்தார். பலாப்பழம் வாங்குகிறவர் மாதிரி, காதை ஒட்டி வைத்துக்கொண்டு.

"வெறும் பீப்பா மாப்ள."

அடுத்ததையும் தட்டினார். அதுவும் காலி.

அவன் மாமாவின் துண்டை மெல்ல இழுத்தான். பிரான்சில், பெண் வீட்டாரின் ஒயின் நிலவறையில், பெண்ணின் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது, தாய்மாமனை எப்படி அடக்குவது?

மாமாவைச் சொல்லியும் குற்றமில்லை. கம்பத்தில் சொந்தமாகத் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். காலையில் இவர்கள் தோட்டத்தைச் சுற்றிக் காட்டியபோதே, "பந்தல் போட வக்கில்லாம இடுப்பு ஒசரத்துல வெட்டி விட்டுருக்காய்ங்க" என்று வருத்தப்பட்டிருந்தார்.

தோட்டம் வெகு நேர்த்தி என்கிறார் மாமா, என்று அவன் அதைப் பிரெஞ்சில் சொன்னான்.

கல்யாணப் பெண் எலோடி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அவளுக்குத் தமிழ் தெரியும். அவன்தான் கற்றுக்கொடுத்தான். மதாம் என்று அவன் அழைக்கும் அவள் அம்மாவுக்குத் தெரியாது.

பீப்பாய்கள் வரிசையாக இருட்டுக்குள் போயின. ஒவ்வொன்றின் முகத்திலும் சாக்பீஸால் ஒரு பெயர்.

எல்லாம் ஆண் பெயர்.

"யாரு தாயி இவுகள்லாம்?"

"இந்த வீட்டு மாப்பிள்ளைகள், மாமா" என்றாள் எலோடி.

தலைமுறை தலைமுறையாக இந்தத் தோட்டம் பெண்களுக்குத்தான். மாப்பிள்ளை வந்து வீட்டோடு தங்கிவிடுவார். கல்யாணத்தன்று அவர் பெயரில் ஒரு பீப்பாயை மூடி வைப்பார்கள். அவர் செத்த அன்று திறப்பார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் குடித்துத் தீர்ப்பார்கள்.

மாமாவுக்கு ஒன்றுதான் காதில் விழுந்தது.

"வீட்டோட மாப்ளையா? நம்மூர்ல அவன் உசுரோட இருக்கும்போதே பொணந்தான் தாயி."

எலோடி சிரித்தாள். அவனும் சிரித்தான். கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திக்கொண்டான்.

ஒயினுக்கு ஒரு பக்குவம் உண்டு. அதைத் தாண்டினால் புளித்துப்போகும். மாமாவே சொல்லியிருக்கிறார்.

சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல மதாமிடம் கேட்டான். மாப்பிள்ளை ரொம்ப நாள் இருந்துவிட்டால்? ஒயின் கெட்டுப்போகாதா?

மதாம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"இதுவரை கெட்டதில்லை."

பிறகு தன் கணவரின் பீப்பாய்மேல் கை வைத்தார். அதில் மட்டும் தூசி இல்லை.

"இவருடையது அருமையாக வந்திருந்தது. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் வீண்."

எலோடி தலையாட்டினாள்.

அவள் அப்பா படியில் தவறி விழுந்தவர் என்று அவனுக்குத் தெரியும். நல்ல திடகாத்திரமான மனிதர். எந்தப் படி என்று அவன் கேட்டதில்லை. இந்த நிலவறைக்கு ஒரே ஒரு படிக்கட்டுதான் இருந்தது.

வரிசையின் கோடியில் இரண்டு பீப்பாய்கள். நிறைந்தவை. பெயர் இல்லாதவை.

அவனுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர். மாமாவுக்கு விமான டிக்கெட் போட்டு அனுப்பியதே அதற்குத்தான். தாய்மாமன் மரியாதையை வெள்ளைக்காரனும் மதிக்கிறானே என்று மாமா துண்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

மதாம் இரண்டு கோப்பைகளில் ஊற்றினார்.

"இடது பீப்பாய் நிதானம். பக்குவப்பட நாற்பது வருஷம் ஆகும். வலது பீப்பாய் அவசரம். மூன்று வருஷம் போதும். மாமாவிடம் சொல்லுங்கள்."

அவன் மாமாவிடம் சொன்னான்.

"மாமா, இடதுன்னு சொல்லுங்க."

"குடிச்சுப் பாக்காம எப்புட்றா சொல்ல?"

இடது கோப்பை. மாமாவின் முகம் கோணியது. "வேப்பங்கொழுந்த அரச்சு வச்சிருக்காய்ங்க."

வலது கோப்பை.

மாமா கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை.

"நம்ம பன்னீர்த் திராட்ச தோத்துச்சு மாப்ள. இதான். இதேதான்."

மதாம் அவன் வாயைப் பார்த்தார்.

அவன் எலோடியைப் பார்த்தான். எலோடியும் அவனைப் பார்த்தாள். காலையில் சிரிப்பை அடக்கிய அதே உதடு.

"இடது என்கிறார் மாமா" என்றான் பிரெஞ்சில்.



எலோடி அதைத் திருத்தவில்லை.

அவனுக்கு மூச்சு வந்தது. என்ன இருந்தாலும் காதலித்தவள்.

அவள் அம்மாவிடமிருந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். இடது பீப்பாயைத் தாண்டிப் போனாள்.

வலது பீப்பாயின் முன்னால் மண்டியிட்டு, அவன் பெயரைத் தமிழில் எழுத ஆரம்பித்தாள். அவசரமில்லாமல். ஒவ்வொரு சுழியாக.

"எழுத்தப் பாருடா" என்றார் மாமா. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கண்ணுல ஒத்திக்கிறலாம்."

கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்தாள்.

தள்ளி நின்று பார்த்தாள். திருப்தியில்லை. திரும்ப வந்து, இன்னும் அழுத்தி வைத்தாள்.