உப்பரிகையில் உயர்ந்த கை

வெள்ளிக்கிழமைதோறும் காலையில் ராஜா உப்பரிகையில் நின்று வலது கையை உயர்த்தியாக வேண்டும். உயரவில்லையென்றால் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் முடிவுகட்டிவிடும். ராஜாவின் தம்பி சிம்மாசனத்தில் ஏறிவிடுவான். ராஜா பேசி ஏழு மாதமாகிறது. கையையும் தூக்குவதில்லை. அதனால் ராணி கோமளவல்லி வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, அவருடைய அகன்ற அங்கிக்குள் புகுந்து, முதுகோடு ஒட்டி நின்று, அங்கியின் வலது கை வழியே தன் கையை நீட்டுவாள். ராஜாவின் முத்திரை மோதிரம் தன் விரலிலிருந்து நழுவாதிருக்க அதில் நூல் சுற்றியிருந்தாள்.

இன்றும் கை உயர்ந்தது. கீழே ஒரே ஆரவாரம். அது அடங்கியதும், மதிலடியில் பூக்காரி ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது அங்கிக்குள் தெளிவாகக் கேட்டது.

"மகராசன் கல்லாட்டம் நிக்கிறாரு. அந்தம்மாவுக்குத்தான் பைத்தியமாம். முன்னெல்லாம் பக்கத்துல நிப்பாங்க, இப்ப மூஞ்சியே காட்டல பாரு. அவங்கள வச்சுக்கிட்டு எப்படித்தான் காலந்தள்றாரோ!"

ராஜாவின் முதுகு அசைந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு அவர் வாய் திறந்தார்.

"ஐயோ, அவளுக்கு என்ன ஆச்சு?"

கோமளவல்லி கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி ஆட்டினாள்.