அந்த வீட்டு வாசலில் மட்டும்

"அண்டப் புளுகு!" என்றார் இன்ஜினியர், மனைவியின் காதோரமாக. காதோரம்தான் சொன்னார், ஆனாலும் தெருக்கோடி வரை கேட்டது.

பழமையான அந்தக் கிராமத்தைப் பொடிநடையாகச் சுற்றிப் பார்க்கும் கூட்டம் அது. ஞாயிறு தோறும் நடக்கும். கல்பாலம், மணிக்கூண்டு, சிப்பாய்கள் குதிரை கட்டிய லாயம் எல்லாம் பார்த்தாயிற்று. அதுவரை கைடு சொன்னதில் ஒரு குறையும் இல்லை. அதில் இன்ஜினியருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ரிட்டயர் ஆனதிலிருந்து தப்புக் கண்டுபிடிக்க வீட்டைத் தவிர வேறு இடமில்லை அவருக்கு.

இப்போது ஒரு குறுகலான சந்தில், மாடி வீட்டின் முன்னால் எல்லாரையும் நிறுத்தியிருந்தான் கைடு.

"எல்லாரும் கொஞ்சம் மேலே பாருங்க. அந்த ஜன்னல்லதான் ஒரு தளபதியோட பொண்ணு நின்னுட்டே இருந்தாளாம். போருக்குப் போன அப்பா என்னிக்காவது இந்த வழியா வருவாருன்னு..."

ஜன்னலில் தளபதி மகள் இல்லை. ஒரு பெண் தன் சின்ன மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கீழே இத்தனை பேர் அண்ணாந்து பார்ப்பதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"அலுமினிய ஜன்னல்ல நின்னாளாம் தளபதி பொண்ணு! சுவரைப் பாரு, நேத்து கட்டின மாதிரி இருக்கு."

"சும்மா இருங்களேன். அவர் பாட்டுக்குச் சொல்லட்டும். எல்லாரும் கேட்டுட்டுத்தானே நிக்கிறாங்க?"

வாசல் சுவரின் மேல் ஒரு தட்டில் தண்ணீர் டம்ளர்கள் வைத்திருந்தார்கள், நடந்து வருகிறவர்களுக்காக. ஆளுக்கொன்று எடுத்துக் குடித்தார்கள். குடையோடு வந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் டம்ளரை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் என்னாச்சு தம்பி? அந்தத் தளபதி திரும்பி வந்தாரா?" என்று கேட்டார் அவர்.

"தெரியலைங்க ஐயா. கதை அதோட நின்னு போச்சு."

இன்ஜினியருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வழி நெடுக வாயே திறக்காத ஆள் இங்கே வந்ததும் கேள்வி கேட்கிறார் என்றால் என்ன அர்த்தம்? கூட்டத்தில் கலந்து நிற்க கைடு கூட்டி வந்த ஆள்தான். கல்பாலத்தில்கூட இவ்வளவு நேரம் நிற்கவில்லை. இங்கே என்னவோ இழுத்துக்கொண்டே போகிறான்.

மேலே பின்னல் முடிந்தது. சிறுமி துள்ளிக் குதித்து உள்ளே ஓடினாள்.

"சரி, போலாமா?" என்றான் கைடு.

"நில்லுப்பா. யார் காதுல பூ சுத்துறே? நான் ஆயுசு முழுக்க கட்டடம் கட்டினவன். உங்க ஆபீஸ்ல கம்ப்ளைன்ட் கொடுக்கப் போறேன்."

கைடின் முகம் வாடிப் போயிற்று.

"சார், வேற எங்க தப்பா சொல்லியிருந்தாலும் திட்டுங்க, திருத்திக்கிறேன். இந்த வீட்டை மட்டும் விட்டுடுங்க. ஆபீஸுக்குத் தெரிஞ்சா இனிமே இங்க நிக்கவே விடமாட்டாங்க."

"அதுக்குத்தானேப்பா சொல்லவே போறேன்!"

பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல இருந்தது. பிறகு ததும்பும் டம்ளரைத் தட்டில் அப்படியே வைத்துவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு மெல்ல நடந்தார். கூட்டமும் கிளம்பியது.

இன்ஜினியர் விடுகிற ஆளா?

"நீ முன்னாடி போ. வீட்டுக்காரங்ககிட்டயே கேட்டுட்டு வந்துடறேன்" என்று மனைவியை அனுப்பிவிட்டு, அழைப்பு மணியை அழுத்தினார். ஜன்னலில் பார்த்த அதே பெண்தான் கதவைத் திறந்தாள்.

"உங்க வீட்டைப் பத்தி அந்தப் பையன் வாய்க்கு வந்த கதையெல்லாம் சொல்றாம்மா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், நிறுத்திடலாம்."

"ஐயோ, வேணாம் சார். அந்தக் கதையைச் சொல்லச் சொன்னதே நான்தான்."

"நீங்களா? எதுக்கும்மா? வீட்டுக்குப் பெருமை சேர்க்கவா?"

அவள் சுவரண்டை வந்து காலி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். அந்த நிறைந்த டம்ளரைக் கடைசியாக எடுத்தாள். கொட்டிவிட மனமில்லாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உன் வீட்டுல பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்னு என் கல்யாணத்தன்னிக்குச் சொல்லிட்டுப் போனார் சார், எங்கப்பா. அதுக்கப்புறம் பேச்சே இல்லை. போன் பண்ணா எடுக்க மாட்டார். பேத்தி பொறந்ததைச் சொல்லி அனுப்பியும் வரலை."

தெருக்கோடியில் பெரியவரின் குடை திரும்பிக்கொண்டிருந்தது. அது மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள் இந்தக் கூட்டத்தோட கூட்டமா நடந்து போனார். மேலேருந்து பார்த்துட்டேன். திரும்பித் திரும்பி எங்க ஜன்னலையே பார்த்துக்கிட்டுப் போனார். அடுத்த வாரமும் வந்தார், அதே மாதிரி போயிட்டார். அப்பல்லாம் கூட்டம் இங்க நிக்காது."

இன்ஜினியர் அண்ணாந்து அந்த ஜன்னலைப் பார்த்தார்.

"கூட்டம் நின்னாத்தானே சார், அவரும் நிப்பார்?"