படியேறாதே!

வேதநாயகம் போட்ட சத்தத்தில் அந்தமான் டாலிகஞ்ச் தென்னைகளிலிருந்து தேங்காய்கள் உதிர்ந்தன.

"படியேறாதல!"

மெயின்லேண்ட் கப்பலில் வந்த மகன் ஜெரின், பையோடு வாசலிலேயே நின்றான். 'டெர்வின்தான் என் வாழ்க்கைத்துணை' என்று போனில் சொன்னபின் அவன் வீட்டுக்கு வருவது இதுதான் முதல் முறை.

"நமக்கு ஒத்தப் பிள்ளை, உள்ள விடுங்க," என்று அழுதாள் அமுதம்.

"அரே, நீ சும்மா இரு! ரெண்டு பேரா இறங்குனத கப்பல் ஜெட்டியே பாத்துருக்கு. ஊரு காறித் துப்பும்!"

"டெர்வினை என்னால விட முடியாதுப்பா."

"பெறகு ஏம்ல அவனை லாட்ஜுல விட்டுட்டு வந்த? வீட்டு மருமகனை லாட்ஜுல படுக்க வச்சான் வேதநாயகம்னு ஊரு சிரிக்கவா? ஜல்தி போய்க் கூட்டிட்டு வா. அவனுக்குன்னு வச்ச நெய்மீன் கொழம்பு ஆறுதுல்லா!"