சுவரிலிருந்து எடுத்த ரொட்டி

சமையல்காரன் நார்மத் நீட்டிய ரொட்டியைப் பார்த்ததும், பதினாறு வயதுச் சிப்பாய் அனோரா பின்வாங்கினாள். பச்சைப் பூசணம். ஓரத்தில் யாரோ கடித்த தடம் வேறு.

“சீ! எவன் எச்சிலோ, அண்ணே!”

“கொள்ளைநோய் வந்த வீடுகள்ல எடுத்தது. சுரண்டிட்டுத் தின்னு.”

அவர்கள் ஊர் வழக்கப்படி, போருக்குப் போகிற பிள்ளை ஒரு வாய் கடித்த ரொட்டியை, திரும்பி வந்து மீதியைத் தின்னட்டும் என்று தாய் சுவரில் மாட்டிவைப்பாள்.

“கடிச்சவங்க வந்து கேட்டா?”

“யாருகிட்டக் கேப்பாங்க? ஒரு உசுரும் மிஞ்சாத வீட்டுலதான் எடுத்தோம். தாய் உசுரோட இருந்தா அதுல கைவைக்க விடுவாளா?”

பசி பொறுக்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு, பழைய கடியிலேயே வாய் வைத்தாள். நடுவில் துருத்தியிருந்த ரொட்டி, அவளுடைய உடைந்த முன்பல்லின் இடைவெளியில் கச்சிதமாகப் பொருந்தியது.

“உங்கம்மா சௌக்கியம்” என்று காலையில்தான் தளபதி சொல்லியிருந்தார்.